சிசேரியனுக்குப் பிறகு வயிறு குறைய: பெல்ட்டா, பயிற்சியா, டயட்டா, ஆபரேஷனா?

"பெல்ட் போட்டால் போதுமா, பயிற்சியும் செய்யணுமா? டயட் இருந்தால் பால் குறைஞ்சிடுமா? கொழுப்பை உறைய வைக்கிறாங்களாமே, அது சரிவருமா? பேசாமல் ஆபரேஷனே பண்ணிக்கலாமா?" சிசேரியன் ஆன தாய்மாரின் கேள்விகள் பெரும்பாலும் இப்படிக் கொத்தாகத்தான் வரும். இவற்றில் எது நல்லது என்று ஒரே சொல்லில் சொல்ல முடிவதில்லை. ஒவ்வொன்றும் வேறு வேறு கோளாறுக்கானது. பெல்ட் கொழுப்பைக் கரைக்காது. டயட் இருந்தால் விலகிய தசை சேர்ந்துவிடாது. கொழுப்பை உறைய வைக்கும் கருவிக்கும் தொங்கும் தோலுக்கும் சம்பந்தமே இல்லை. உங்கள் வயிறு எதனால் முன்னே நிற்கிறது என்று தெரியாமல் எதைத் தேர்ந்தெடுத்தாலும் அது குருட்டாம்போக்குதான்.

## முதலில்: முன்னே நிற்பது எது?

கருப்பையும் நீரும். பிரசவம் முடிந்த கையோடு கருப்பை ஏறத்தாழ 1 கிலோ எடையில், தொப்புள் உயரத்தில் இருக்கும். நாளுக்கு ஒரு விரல்கடை வீதம் இறங்கி, 2 வாரத்தில் இடுப்பெலும்புக்குள் போய்விடும். 6 வாரத்தில் எடை 100 கிராம் அளவுக்கோ அதற்குக் கீழேயோ வந்துவிடும். அறுவையின்போது ஏற்றிய திரவமும், தையலைச் சுற்றிய வீக்கமும் இந்தக் கணக்கில் சேரும். குழந்தை பிறந்து பத்தாவது நாள் கண்ணாடி முன் நின்று அழுபவர்கள் பார்ப்பது பெரும்பாலும் இதைத்தான். இது தானாகவே போகும்.

கொழுப்பு. கர்ப்ப காலத்தில் உடல் சேர்த்துவைத்தது. தோலுக்கடியில் இருப்பது கையில் பிடிபடும். குடலைச் சுற்றி உள்ளே இருப்பது பிடிபடாது.

தசை விலகல். "சிசேரியனில் வயிற்றுத் தசையை வெட்டிட்டாங்க, அதான் தொப்பை" என்று பலரும் நம்புகிறார்கள். வழக்கமான சிசேரியனில் தோல், கொழுப்பு, தசைக்கு மேலுள்ள உறுதியான உறை, வயிற்றின் உட்சவ்வு, கருப்பை ஆகியவற்றைத்தான் வெட்டுவார்கள். நெட்டாக ஓடும் இரண்டு வயிற்றுத் தசைகளையும் பெரும்பாலும் வெட்டாமல் பக்கவாட்டில் விலக்கி வழி எடுப்பார்கள். அந்தத் தசைகளுக்கு நடுவிலுள்ள நார்ப்பட்டை இழுபட்டு அகலமாவது கர்ப்பத்திலேயே நடந்துவிடுகிறது. சுகப்பிரசவம் ஆனவர்களுக்கும் இது உண்டு. நார்வேயில் முதல் குழந்தை பெற்ற 300 பெண்களைப் பின்தொடர்ந்து 2016-ல் வெளியான ஆய்வில், 6 வாரத்தில் 60 சதவீதம் பேருக்கு விலகல் இருந்தது; 6 மாதத்தில் அது 45 ஆகவும், ஓராண்டில் 33 ஆகவும் குறைந்தது. நாள் போகப் போகப் பலருக்கு விலகிய தசை மறுபடி நெருங்கிவிடுகிறது, எல்லோருக்கும் அல்ல.

தோல். நார்கள் அறுந்து தளர்ந்த தோல் ஓரளவுதான் சுருங்கும். வயது, பரம்பரை, எத்தனை கர்ப்பம் என்பதைப் பொறுத்தது.

தழும்பு. சிசேரியனுக்கே உரியது இது ஒன்றுதான். தழும்பு அடியிலுள்ள உறையோடு ஒட்டிக்கொண்டு உள்வாங்க, அதற்கு மேலிருக்கும் சதை திண்ணை மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும். எடை நன்றாகக் குறைந்த ஒல்லியான பெண்களுக்கும் இது இருக்கும். அவர்களிடம் போய் "இன்னும் கொஞ்சம் சாப்பாட்டைக் குறை" என்பது அநியாயம்.

வீட்டிலேயே பார்க்கலாம், ஆனால் 6 வாரம் கழிந்த பிறகு. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்குங்கள். தொப்புளுக்குச் சற்று மேலே விரல்களைப் படுக்கைவசமாக வைத்து, தலையையும் தோளையும் மட்டும் லேசாகத் தூக்குங்கள். இருபுறமும் தசை இறுகி விரலைத் தொடும். நடுவே எத்தனை விரல் இறங்குகிறது? தொப்புளிலும் அதற்குக் கீழேயும் இதையே செய்யுங்கள். இரண்டு விரலுக்கு மேல் இறங்கினாலோ, விரல் மெத்தென்று ஆழமாகப் போனாலோ விலகல் இருக்கிறது என்று கொள்ளலாம். அடுத்து, நின்றபடி முன்னே குனிந்து பாருங்கள்: கையில் பிடிபடுவது தடித்த சதையா, வெறும் தோலா? கடைசியாக, தழும்பை விரலால் மேலும் கீழும் நகர்த்துங்கள். நகர மறுக்கும் இடத்தில் ஒட்டியிருக்கிறது.

ஒரு குறிப்பு: காலையில் தட்டையாக இருந்து மாலையில் ஐந்து மாதக் கர்ப்பம்போல் உப்பும் வயிற்றில் கொழுப்பைவிடத் தசை விலகலையோ, வாயு, மலச்சிக்கலையோ முதலில் சந்தேகப்படுங்கள். கொழுப்பு ஒரே பகலில் கூடிக் குறையாது.

## எதை வைத்து ஒப்பிடுவது?

விலையை நான் கடைசியில் வைப்பேன். அதற்கு முன் கேட்க வேண்டியவை: மேலே சொன்ன ஐந்தில் இது எதைச் சரிசெய்கிறது? எப்போது தொடங்கலாம்? பால் கொடுக்கும்போது ஆகுமா? இதைச் செய்துகொண்டே குழந்தையைத் தூக்க முடியுமா? இன்னொரு குழந்தை வந்தால் பலன் நிற்குமா? ஐந்தாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. பெரிய செலவு செய்பவர்கள் முதலில் கேட்க வேண்டியது அதுதான்.

| வழி | எதற்கு உதவும் | எப்போது | பால் கொடுக்கும்போது | சொல்லப்படாத செலவு |
|---|---|---|---|---|
| காத்திருத்தல் | கருப்பை, நீர், ஓரளவு தசை | முதல் 6–8 வாரம் | சிக்கலில்லை | பொறுமை, பிறர் பேச்சு |
| பெல்ட் | வலி, தாங்கல் | முதல் நாட்களிலிருந்து | சிக்கலில்லை | இறுக்கினால் இடுப்புத் தளத்தில் (சிறுநீர்ப்பையைத் தாங்கும் தசைகளில்) அழுத்தம் |
| பயிற்சி | தசை, உடல் நிமிர்வு | மூச்சு, நடை உடனே. மற்றவை 6–8 வாரம் கழித்து | சிக்கலில்லை | நேரம், குழந்தையைப் பார்க்க ஆள் |
| உணவு | கொழுப்பு | காயம் ஆறிய பின், மெதுவாக | வேகம் கூடாது | சோர்வு, மலச்சிக்கல் |
| தழும்பு மசாஜ் | ஒட்டிய தழும்பு | காயம் முழுதும் மூடிய பின் | சிக்கலில்லை | மிகக் குறைவு |
| கொழுப்பை உறைய வைத்தல் | கையில் பிடிபடும் கொழுப்பு | பால் நிறுத்திய பின் | வேண்டாம் | பல அமர்வுகள் |
| டம்மி டக் (மிகுதித் தோலை எடுத்துத் தசையைத் தைக்கும் அறுவை) | தோல், தசை, தழும்பு | குறைந்தது 6–12 மாதம் கழித்து | நிறுத்திய பின் | பல வாரம் குழந்தையைத் தூக்க முடியாது |

## பெல்ட்

அறுவை முடிந்த முதல் நாட்களில் பெல்ட் உண்மையிலேயே கைகொடுக்கும். இருமல், தும்மல், படுக்கையிலிருந்து எழுவது எல்லாமே தையலைப் பிடித்து இழுக்கும் நேரம் அது. வயிற்றை யாரோ தாங்கிப் பிடித்ததுபோல் இருந்தால் சீக்கிரம் எழுந்து நடப்பீர்கள். நடந்தால் காலில் இரத்தம் உறையும் ஆபத்து குறையும், குடலும் விழித்துக்கொள்ளும். பெல்ட்டின் பெரிய லாபம் இதுதான்.

"பெல்ட் போட்டால் தொப்பை போகும்" என்பது வேறு பேச்சு. போட்டிருக்கும்வரை தட்டையாகத் தெரியும், கழற்றினால் பழைய கதை. கொழுப்பும் தோலும் அதனால் குறைவதில்லை. இறுக்கினால் சீக்கிரம் குறையும் என்று நினைத்து இழுத்துக் கட்டினால், வயிற்றுக்குள் கூடும் அழுத்தம் கீழ்நோக்கித்தான் போகும். அங்கே இருப்பவை சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் தாங்கும் இடுப்புத் தளத் தசைகள். ஒன்பது மாதம் பாரம் சுமந்து ஏற்கெனவே சோர்ந்தவை. தும்மினால் சிறுநீர் சொட்டுகிறது என்றால் பெல்ட்டைத் தளர்த்துங்கள்.

பெல்ட்டுக்குள் முழு மூச்சு இழுக்க வர வேண்டும், விரல் நுழைய வேண்டும். நடமாடும்போது சில மணி நேரம் போட்டுவிட்டு, படுக்கும்போது கழற்றிவிடுங்கள். தையல் வயிற்று மடிப்புக்குள் இருந்தால் வேர்வை தேங்கிப் புண்ணாகும். அந்த இடம் உலர்ந்திருக்கட்டும். இரண்டு மாதத்துக்கு மேல் பெல்ட்டைத் தொடர எனக்குக் காரணம் தெரியவில்லை. விறைப்பான கம்பி வைத்துத் தைத்த இறுக்கமான கோர்செட் (இடுப்புக் கச்சை) வகைகளைத் தொடவே வேண்டாம்.

## பயிற்சி

ஒரே ஒரு வழியைத்தான் எடுக்க முடியும் என்றால் இதை எடுங்கள் என்பேன், ஒரு நிபந்தனையோடு: இது தசைக்கானது. எத்தனை முறை வயிற்றை மடக்கி நிமிர்ந்தாலும் அந்த இடத்துக் கொழுப்பு மட்டும் தனியே கரையாது.

தொடக்கம் பலர் நினைப்பதைவிட முன்னதாகவும் இருக்கிறது, பின்னதாகவும் இருக்கிறது. முன்னது: மருத்துவமனைப் படுக்கையிலேயே தொடங்கலாம். மூக்கால் மூச்சை இழுத்து விலா விரிய விடுங்கள். வாயால் விடும்போது, சிறுநீரை அடக்குவதுபோல் கீழே மெல்ல இறுக்கி, அடிவயிற்றை லேசாக உள்வாங்குங்கள். அவ்வளவுதான். வெளியே பார்ப்பவருக்கு நீங்கள் எதுவும் செய்வதாகவே தெரியாது. ஆழத்திலிருக்கும் குறுக்குத் தசை வேலை செய்யத் தொடங்கியிருக்கும். எழும்போது மல்லாந்த நிலையிலிருந்து நேராக எழாதீர்கள். ஒருக்களித்துத் திரும்பி, கையை ஊன்றி எழுங்கள். இது தையலையும் காக்கும், நடுப்பட்டையையும் காக்கும்.

பின்னது: வெளியே தோல் இரண்டு வாரத்தில் மூடிவிட்டாலும், உள்ளே தைத்த உறை 6 வாரத்தில் பழைய வலுவில் பாதியைச் சற்றுத் தாண்டியிருக்கும், அவ்வளவுதான். அது முழுவதும் தேற பல மாதங்கள் ஆகும். பளுவும் குதிப்பதும் மருத்துவர் பார்த்துச் சரி என்ற பிறகே. ஓட்டத்துக்கு 12 வாரமாவது பொறுங்கள். பிரிட்டனின் பிசியோதெரபிஸ்ட்கள் 2019-ல் வகுத்த வழிகாட்டி சொல்வதும் அதையே. நடுவிலுள்ள காலத்துக்கு நடையும், படுத்தபடி குதிகாலைத் தரையில் இழுத்து நீட்டி மடக்குவதும், இடுப்பை லேசாகச் சாய்ப்பதும் தாராளம். அதன் பிறகு, பொறுத்துக்கொள்ளும் அளவுக்கு, வாரம் 150 நிமிட மிதமான உடற்பயிற்சி என்ற உலக சுகாதார அமைப்பின் 2020 அளவுகோலை நோக்கிப் போகலாம்.

சிட்-அப், பிளாங்க் கூடாதா என்று கேட்பார்கள். என்றைக்குமே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். பயிற்சியின்போது வயிற்றின் நடுவே, தொப்புளுக்கு மேலும் கீழுமாக ஒரு மேடு கூம்பி எழுகிறதா என்று பாருங்கள். எழுந்தால் அந்தப் பயிற்சி உங்களுக்கு இப்போது கனம். எழாவிட்டால் செய்யலாம். விலகல் முழுவதும் மூடியே ஆக வேண்டும் என்றும் இல்லை. ஒன்றரை விரல் இடைவெளி இருந்தும் நடுப்பட்டை விறைப்பாக நின்றால் வயிறு நன்றாகவே தாங்கும், தட்டையாகவும் தெரியும்.

பயிற்சிக்குப் பணம் ஆகாது என்பது பாதி உண்மை. இடுப்புத் தளம் தெரிந்த பிசியோதெரபிஸ்டிடம் இரண்டு மூன்று தடவையாவது போனால்தான் சரியான தசை இறுகுகிறதா என்று தெரியும். இரவெல்லாம் விழித்தவளுக்குப் பகலில் இருபது நிமிடம் கிடைக்க, யாராவது குழந்தையை வாங்கிக்கொள்ள வேண்டும். பலர் பாதியில் விடுவது சோம்பலால் அல்ல, அந்த ஒருவர் இல்லாததால்.

## உணவு

கையில் பிடிபடுவது கொழுப்புதான் என்றால் வேலை இங்கேதான். பால் கொடுப்பது நாளொன்றுக்கு 450–500 கலோரி அளவுக்குக் கூடுதலாகச் செலவழிக்கும். அதனாலேயே எடை இறங்கிவிடும் என்பது எல்லோருக்கும் நடப்பதில்லை, ஏனென்றால் பசியும் கூடவே வரும். வாரம் அரைக் கிலோ வேகத்தில் குறைந்தால் பாலுக்கு ஆபத்தில்லை. பிறந்த சில நாட்களில் இறங்கும் ஐந்தாறு கிலோ குழந்தை, நஞ்சுக்கொடி, பனிக்குட நீரின் எடை. அந்த வேகம் தொடரும் என்று எதிர்பார்த்து ஏமாற வேண்டாம்.

முதல் இரண்டு மாதம் உணவின் வேலை காயத்தை ஆற்றுவது: போதிய புரதம், இழந்த இரத்தத்துக்கு இரும்புச் சத்து, மலச்சிக்கல் வராமல் நார்ச்சத்தும் தண்ணீரும். முக்கி மலம் கழிப்பது தையலுக்கும் நடுப்பட்டைக்கும் ஆகாது. பட்டினி டயட் இருந்தால், பிரசவத்துக்குப் பின் மூன்று நான்கு மாதத்தில் பலருக்கும் வரும் முடி உதிர்வு இன்னும் கூடும்.

வயிறு குறைக்கும் தேநீர் என்று விற்பவற்றில் பலவும் மலமிளக்கிகள், போவது தண்ணீர். எடை குறைக்கும் ஊசிகளைப் பற்றியும் இப்போது கேட்கிறார்கள். அவற்றில் ஒன்றான செமாக்ளுடைடை பால் கொடுக்கும்போது எடுக்கப் பரிந்துரைப்பதில்லை. அடுத்த கர்ப்பத்துக்கு முயல்வதற்கு இரண்டு மாதம் முன்பே நிறுத்தவும் வேண்டும்.

## தழும்பு மசாஜ்

காயம் முழுவதும் மூடி, பொருக்கு உதிர்ந்து, மருத்துவரும் சரி என்ற பிறகு, தினமும் ஐந்து நிமிடம். தழும்பின் மேல் விரல் நுனியை அழுத்தி மேலும் கீழும், பக்கவாட்டிலும், வட்டமாகவும் தோலை நகர்த்த வேண்டும். தோலின் மேல் விரல் வழுக்கினால் பயனில்லை. வலிக்கக் கூடாது, இழுவை தெரிய வேண்டும். அந்த இடம் மரத்துப்போயிருப்பது இயல்பு. சிறு நரம்புகள் அறுபட்டிருக்கின்றன, உணர்வு திரும்ப மாதக்கணக்கில் ஆகும். தழும்புக்கு மேல் திண்ணைபோல் நிற்கும் சதை முழுவதும் மறையும் என்று உறுதி கொடுக்க முடியாது. ஆனால் செலவும் ஆபத்தும் இவ்வளவு குறைந்த வழி இந்தப் பட்டியலில் வேறில்லை.

## கொழுப்பை உறைய வைக்கும் கருவி

மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி தரும் அமெரிக்க அமைப்பான எஃப்டிஏ இதற்கு 2010-ல் இடுப்போரத்துக்கும், 2012-ல் வயிற்றுக்கும் அனுமதி கொடுத்தது. கருவி வைத்த இடத்துக் கொழுப்புத் தடிப்பில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறையும்; தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். எடை ஏற்கெனவே சரியாக இருந்து, தோல் இறுக்கமாக இருந்து, ஒரே ஒரு சதைப்பிடி மட்டும் போக மறுப்பவருக்கு இது பொருந்தும். சிசேரியன் ஆனவர்களில் அப்படி இருப்பவர்கள் கொஞ்சம்தான். தோல் தளர்ந்தவருக்குக் கொழுப்பு போனால் தொங்கல் கூடுதலாகவே தெரியும். கொழுப்பைக் குழாயால் உறிஞ்சி எடுக்கும் லைப்போசக்‌ஷனுக்கும் இதே குறை.

அரிதாக, உறைய வைத்த இடத்தில் கொழுப்பு குறைவதற்குப் பதில் கெட்டியாக வளர்ந்துவிடும். மாடல் லிண்டா இவாஞ்சலிஸ்டா 2021-ல் வெளிப்படையாகச் சொன்னது இதைத்தான். அதைச் சரிசெய்ய அறுவைதான் வழி. ஹெர்னியா (வயிற்றுச் சுவரின் பலவீனமான இடத்தில் உள்ளுறுப்பு பிதுங்குவது) இருந்தால் இந்தக் கருவி கூடவே கூடாது.

## டம்மி டக்

தொங்கும் தோலுக்கும், ஓராண்டுப் பயிற்சிக்கும் அசையாத அகலமான விலகலுக்கும் உண்மையான தீர்வு இது ஒன்றே. அதை மறைப்பதில் பொருளில்லை. இடுப்பின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம்வரை கீறி, மிகுதித் தோலை எடுத்து, விலகிய தசைகளைச் சேர்த்துத் தைத்து, தொப்புளைப் புதிய இடத்தில் பொருத்துவார்கள். பழைய சிசேரியன் தழும்பு பெரும்பாலும் எடுத்த தோலோடு போய்விடும். அதைவிட மூன்று மடங்கு நீளமான தழும்பு வரும். குடலைச் சுற்றிய உள்கொழுப்பு அப்படியே இருக்கும்.

இரண்டு முதல் நான்கு மணி நேர மயக்க மருந்து, வடிகுழாய், சில நாள் கூனியே நடப்பது, இரண்டு வாரம் வேலைக்குப் போக முடியாதது வரை மருத்துவரே சொல்வார். வீட்டில் யோசிக்க வேண்டியது வேறு. சுமார் ஆறு வாரம் கனமான எதையும் தூக்கக் கூடாது. ஒரு வயதுக் குழந்தை ஒன்பது பத்துக் கிலோ இருக்கும். கையை நீட்டி "தூக்கு" என்று அழும். குளிப்பாட்டவும், தொட்டிலிலிருந்து எடுக்கவும் அத்தனை நாளும் வேறு கை வேண்டும். அந்தக் கை இருக்கிறதா என்பதை, மருத்துவமனைக் கட்டணத்தை விசாரிப்பதற்கு முன்பே தீர்மானியுங்கள். தோலுக்கடியில் நீர் கோர்ப்பது அடிக்கடி வரும் சிக்கல். இரத்தம் உறைதல் அரிது, ஆனால் ஆபத்தானது. காப்பீடு இதைப் பெரும்பாலும் அழகு சிகிச்சை என்றே தள்ளிவிடும்.

இன்னொரு குழந்தை வேண்டும் என்ற எண்ணம் துளியும் இருந்தால் தள்ளிப்போடுங்கள். இதற்குப் பின்னும் கர்ப்பம் தரிக்கலாம், ஆனால் தைத்த தசை மறுபடி விலகும், தோல் மறுபடி இழுபடும். எடை சில மாதங்களாக ஒரே நிலையில் இருக்க வேண்டும், பால் நிறுத்திச் சில மாதம் ஆகியிருக்க வேண்டும், புகைப் பழக்கம் இருந்தால் விட்டிருக்க வேண்டும்.

"சிசேரியனோடு சேர்த்தே செய்துவிடலாமே" என்ற யோசனையும் உலவுகிறது. அந்த நேரத்தில் கருப்பை பெரிது, தோலும் திசுக்களும் வீங்கியிருக்கும், எவ்வளவு தோல் மிகுதி என்று யாராலும் கணிக்க முடியாது. இரத்தம் உறைவதும் கிருமித் தொற்றும் கூடும். செய்ய வேண்டாம்.

## யாருக்கு எது?

பிறந்து இரண்டு மாதம் ஆகவில்லையா? காத்திருங்கள், மூச்சுப் பயிற்சி செய்யுங்கள், வலி இருந்தால் பெல்ட். வேறெதற்கும் பணம் கட்டாதீர்கள், சலுகை இன்றோடு முடிகிறது என்றாலும்.

இரண்டு விரலுக்கு மேல் விலகல், முதுகுவலி, சிறுநீர்க் கசிவு இருந்தால் பிசியோதெரபிஸ்ட். ஆறு மாதம் முதல் ஓராண்டுவரை உழைத்துப் பார்த்துவிட்டு மற்றதை யோசிக்கலாம். விலகல் இல்லை, சதை பிடிபடுகிறது என்றால் உணவும் நடையும். ஒல்லியாகிவிட்டீர்கள், தழும்புக்கு மேல் மட்டும் மடிப்பு என்றால் மசாஜ். குழந்தைகள் போதும், எடை நிலையாக இருக்கிறது, தோல் மடிந்து தொடையைத் தொடுகிறது, மடிப்பில் அடிக்கடி புண் வருகிறது என்றால் அறுவை மருத்துவரிடம் பேசத் தயங்க வேண்டாம். அதை ஆசை என்று யாரும் குறைத்துப் பேச இடமில்லை.

இருமும்போதோ முக்கும்போதோ தழும்பருகிலோ தொப்புளிலோ ஓரிடம் மட்டும் உருண்டையாகத் தள்ளி, படுத்தால் உள்ளே போனால் அது ஹெர்னியாவாக இருக்கலாம். பெல்ட், பயிற்சி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். அந்த உருண்டை உள்ளே போகாமல் கெட்டியாகி, வலியும் வாந்தியும் சேர்ந்தால் அன்றைக்கே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.